சாந்தில் பதிந்த முகங்கள்

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் கென்னாதியோஸ் என்ற இளைஞனின் முகம் இருக்கிறது. வட்டமான ஒரு கண்ணாடி வில்லை. குறுக்களவு 4 சென்டிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். தீப்பெட்டியைவிடச் சின்னது. கருநீலக் கண்ணாடிமேல் தங்கத்தால் ஆன முகம். குட்டையான முடி, அகன்ற கண்கள், தோளில் மடிப்பு மடிப்பாக விழும் ஆடை. முகத்தைச் சுற்றிக் கிரேக்க எழுத்துகள். இசைக் கலையில் பெரும் தேர்ச்சி பெற்றவன் இந்தக் கென்னாதியோஸ் என்று அவை சொல்கின்றன. காலம் கி.பி. 250க்கும் 300க்கும் இடையில். ஊர் பெரும்பாலும் எகிப்தின் அலெக்சாந்திரியா.

படத்தை முதலில் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தபோது இதைப் பழைய புகைப்படம் என்றே யாரும் நினைப்பார்கள் என்று தோன்றியது. கன்னத்தில் நிழல் விழுகிற விதம் அப்படி. கேமரா வருவதற்கு 1,500 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் ஊசி முனையால் இதைச் செய்திருக்கிறார்.

இந்த வகைப் பொருள்களைத் தங்கக் கண்ணாடி என்கிறார்கள். ரோமப் பேரரசின் காலத்தைச் சேர்ந்த தங்கக் கண்ணாடித் துண்டுகள் சுமார் 500 இன்று உலகின் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. பெரிய தொகுப்பு வத்திக்கானில். அவற்றைப் பற்றி எழுதுகிறவர்கள் தொழில்நுட்பத்தை வியப்பார்கள், அழகை வியப்பார்கள். நியாயம்தான். எனக்கு உறுத்திய கேள்வி வேறு. இந்த முகங்கள் முதலில் எங்கே இருந்தன, அங்கிருந்து எடுக்கப்பட்டபோது என்ன தொலைந்தது?

தங்கத்தைச் சுரண்டி வரைதல்

செய்முறையிலிருந்தே ஆரம்பிக்கலாம். நமக்குப் பழக்கமான ஒன்றோடு ஒப்பிட்டால் புரிவது சுலபம். தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். கண்ணாடியின் பின்பக்கம் வரைகிற அந்த முறை சீன வணிகத்தின் வழியாக 18ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்து, தஞ்சையில் இரண்டாம் சரபோஜி ஆண்ட காலத்தை ஒட்டி வேரூன்றியது. அதில் வேலை தலைகீழாக நடக்கும். சாதாரண ஓவியத்தில் கடைசியாக வைக்கிற கண்மணியையும் நகையின் கோடுகளையும் இங்கே முதலில் வைக்கணும். பிறகு ஆடை, பிறகு உடல் நிறம், கடைசியில் பின்னணி. மின்ன வேண்டிய இடங்களில் பின்னால் தங்க ரேக்கு ஒட்டுவார்கள். முடிந்ததும் கண்ணாடியைத் திருப்பிப் பார்த்தால் படம் நேராகத் தெரியும்.

ரோமானியர் செய்தது இதற்குத் தூரத்துச் சொந்தம் போன்றது. ஆனால் இன்னும் ஒரு படி கூடுதல். கண்ணாடி வில்லையின் மேல் பிசின் தடவித் தங்க ரேக்கை ஒட்டுவார்கள். காய்ந்தபின் கூர்முனையால் ரேக்கைச் சுரண்டிப் படம் வரைவார்கள். சுரண்டிய இடத்தில் அடிக் கண்ணாடியின் நிறம் தெரியும். அதாவது, கலைஞர் வரைவதெல்லாம் இருட்டைத்தான். வெளிச்சம் முழுவதும் ஏற்கெனவே தங்கமாக அங்கே இருக்கிறது. முடியிழை, புருவம், மூக்கின் ஓரம் என்று நிழல் விழ வேண்டிய இடங்களை மட்டும் எடுத்துவிடணும். எடுத்தது எடுத்ததுதான். சுரண்டிய தங்கத்தை அதே இடத்தில் திரும்ப வைக்க முடியாது.

இதற்குமேல் இன்னொரு கண்ணாடி. இரண்டையும் சூடாக்கி ஒன்றாக உருக்கி ஒட்டிவிடுவார்கள். தங்கம் நடுவில் மாட்டிக்கொள்ளும். இந்த இடத்தில் என் படிப்பு கொஞ்சம் குறுக்கே வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கண்ணாடிகளைச் சூட்டில் ஒட்டுவது சொல்கிற மாதிரி எளிது கிடையாது. சூடேறினால் கண்ணாடி விரியும், ஆறினால் சுருங்கும். சாதாரண சோடா சுண்ணாம்புக் கண்ணாடி ஒரு டிகிரிக்கு ஒரு மீட்டர் நீளத்தில் ஏறக்குறைய 9 மைக்ரோமீட்டர் விரியும். மேல் கண்ணாடியும் கீழ்க் கண்ணாடியும் ஒரே அளவில் விரிந்து சுருங்காவிட்டால் ஆறும்போது விரிசல் விழும். உடனே விழாவிட்டால் நாலு நாள் கழித்து விழும். அதனால் இரண்டு கண்ணாடிகளும் ஏறக்குறைய ஒரே கலவையாக இருக்கணும். ஒன்றில் நீலத்துக்காகக் கோபால்ட் சேர்த்திருந்தாலும் அடிப்படைக் கலவை பொருந்தணும். பிறகு மெல்ல மெல்ல ஆறவைக்கணும். அவசரப்பட்டால் எல்லாம் போச்சு.

தங்கத்துக்கு இதில் ஆபத்து குறைவு. அது உருக 1,064 டிகிரி செல்சியஸ் வேண்டும். கண்ணாடி அதற்குப் பல நூறு டிகிரி முன்பே இளகி ஒட்டத் தயாராகிவிடும். துருவும் பிடிக்காது. ஆக, உலை சரியாக இருந்தால் அந்த முகத்துக்குக் காற்றும் ஈரமும் விரல் ரேகையும் படாத ஓர் அறை கிடைத்துவிடுகிறது. வர்ணம் வெளுக்கும், மரம் உளுக்கும், துணி மட்கும். கண்ணாடிக்குள் மூடிய தங்கம் அப்படியே இருக்கும்.

இந்த யோசனை ரோமானியருடையதுகூடக் கிடையாது. தென் இத்தாலியின் கனோசாவில் ஒரு கல்லறையில் கிடைத்த கண்ணாடிக் கிண்ணங்கள் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கி.மு. 3ஆம் நூற்றாண்டை ஒட்டியவை. ஒன்றுக்குள் ஒன்று கச்சிதமாக உட்காரும் இரண்டு கிண்ணங்களுக்கு நடுவே தங்க ரேக்கில் பூவேலை. ரோமானியர் அந்த இடைவெளிக்குள் மனித முகத்தைக் கொண்டுவந்தார்கள்.

ரோமத் தங்கக் கண்ணாடியில் இரண்டு வகை உண்டு. பெரும்பான்மை, குடிக்கும் பாத்திரங்களின் அடிப்பகுதி. பெரும்பாலும் 4ஆம் நூற்றாண்டு. கோடுகள் தடிப்பாக, முகங்கள் ஒன்றைப்போல ஒன்றாக இருக்கும். பெயரை மாற்றினால் யாருக்கும் பொருந்தும். இன்னொன்று, கென்னாதியோஸ் வகை. தூரிகையால் தீட்டியதுபோன்ற நுணுக்கம் இருப்பதால் தூரிகை வகை என்று பெயர் வந்தது, வேலை என்னவோ ஊசி முனையில்தான். பாத்திரத்தின் பாகமாக இல்லாமல் தனிப் பதக்கமாகவே செய்யப்பட்டவை. பெரும்பாலும் 3ஆம் நூற்றாண்டு. இவை மொத்தம் ஒரு டஜனைக் கொஞ்சம் தாண்டும். ஒவ்வொன்றும் குறிப்பிட்ட ஒரு மனிதரின் முகம்.

இருட்டில் ஓர் அடையாளம்

இந்தத் துண்டுகளில் மிகப் பல ரோம் நகரின் நிலத்தடிக் கல்லறைகளிலிருந்து வந்தவை. நகர எல்லைக்குள் பிணம் புதைக்க ரோமச் சட்டம் அனுமதிக்கவில்லை. அதனால் நகரத்துக்கு வெளியே, நெடுஞ்சாலை ஓரங்களில், மென்பாறையைக் குடைந்து சுரங்கம் சுரங்கமாகக் கல்லறைகள் அமைத்தார்கள். சுவர்களில் அலமாரித் தட்டுகளைப்போல வரிசை வரிசையாகக் குழிகள். துணியில் சுற்றிய உடலை உள்ளே கிடத்தி, வாயை ஓட்டாலோ கல் பலகையாலோ அடைத்து, விளிம்பில் சுண்ணாம்புச் சாந்து பூசி மூடிவிடுவார்கள்.

வசதி இருந்தவர்கள் பளிங்கில் பெயர் பொறித்தார்கள். ஏராளமான குழிகளில் எழுத்தே இல்லை. அப்புறம் வீட்டார் எப்படி அடையாளம் கண்டுகொள்வது? சாந்து ஈரமாக இருக்கும்போதே எதையாவது அதில் பதித்துவிடுவார்கள். நாணயம், சிப்பி, விளக்கு, குழந்தையின் பொம்மை, கண்ணாடித் துண்டு. வீட்டில் பயன்படுத்திய தங்கக் கண்ணாடிப் பாத்திரம் இருந்தால் அதன் சுவரை உடைத்தெடுத்துவிட்டு அடிவட்டத்தை மட்டும் பதிப்பார்கள். இன்று அருங்காட்சியகங்களில் அந்த வட்டங்களின் ஓரம் பல்லுப் பல்லாக உடைந்திருப்பது இதனால்தான்.

அந்தச் சுரங்கங்களின் இருட்டைப் பற்றி ஒரு சாட்சி இருக்கிறது. விவிலியத்தை லத்தீனுக்கு மொழிபெயர்த்த ஜெரோம், 4ஆம் நூற்றாண்டில் ரோமில் படித்துக்கொண்டிருந்த பையனாக ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு அங்கே இறங்கிப்போனதைப் பிற்பாடு எழுதியிருக்கிறார். இரண்டு பக்கமும் இறந்தவர்கள், எங்கோ மேலே ஓர் ஓட்டை வழியாக மட்டும் கொஞ்சம் வெளிச்சம், ஒவ்வோர் அடியையும் தடவி வைக்க வேண்டிய நிலை. இந்த இருட்டில் கையில் எண்ணெய் விளக்கோடு நடந்துவரும் ஒரு தாயை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே மாதிரியான நூறு குழிகள். அவளுடைய மகன் இருக்கும் குழியில் மட்டும் தங்கம் ஒரு கணம் மின்னும். அது அலங்காரம் மட்டும்தானா? அது ஒரு விலாசம்.

பாத்திரங்களில் எழுதியிருப்பதைப் படித்தால் மனம் கனக்கும். குடி, வாழ்க என்பதுபோன்ற வாழ்த்துகள் திரும்பத் திரும்ப வருகின்றன. கிரேக்கச் சொல், லத்தீன் எழுத்து. விருந்தில் கோப்பையைத் தூக்கிச் சொல்வது. குடித்து முடித்தால் அடியில் படம் தெரியும். வாழ்க என்று எழுதிய அதே வட்டம் பிறகு பிணக்குழியின் வாயில் போய் உட்கார்ந்துகொண்டது. பதித்தவர்கள் அந்த முரணைக் கவனிக்காமல் இருந்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. கவனித்தும், அந்தச் சொல் அங்கேயும் இருக்கட்டும் என்று விட்டிருப்பார்கள்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லணும். இவை எல்லாவற்றையும் கிறிஸ்தவப் பொருள்கள் என்று நினைக்கத் தோன்றும். பேதுருவும் பவுலும் வருகிற துண்டுகள் நிறைய உண்டு, உண்மைதான். ஆனால் ஏழு கிளை விளக்குப் பொறித்த யூதத் துண்டுகளும் இருக்கின்றன. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஓர்ஃபிதுஸ், கொன்ஸ்தாந்தியா என்ற தம்பதியின் படம் இருக்கிறது. இருவருக்கும் நடுவே நிற்பவர் ஹெர்குலிஸ், வாழ்த்தும் அவர் பெயரில்தான். தங்க ரேக்கு ஒட்டிய கைகள் எல்லா வீட்டுக்கும் வேலை செய்திருக்கின்றன.

பெயர்த்தெடுத்தவர்கள்

காலப்போக்கில் இந்தச் சுரங்கங்கள் பெரும்பாலும் மறக்கப்பட்டன. 1578இல் சலாரியா சாலையோரம் ஒரு சுரங்கம் தற்செயலாகத் திறந்துகொண்டது. அதன்பிறகு அந்தோனியோ பொசியோ என்பவர் வாழ்நாள் முழுவதும் இவற்றுக்குள் அலைந்து ஆராய்ந்தார். அவருடைய பெரிய நூல் அவர் இறந்தபின் 1630களில் வெளிவந்தது. பின்னாலேயே சேகரிப்பாளர்கள் வந்தார்கள். சாந்திலிருந்து கண்ணாடி வட்டங்கள் நெம்பி எடுக்கப்பட்டன. பிரபுக்களின் அலமாரிகளுக்கும் கர்தினால்களின் தொகுப்புகளுக்கும் போயின. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் வத்திக்கானில் பதினான்காம் பெனடிக்ட் தொடங்கிய அருங்காட்சியகத்தில் பல சேர்ந்தன.

1716இல் பிலிப்போ புவோனரோத்தி இவற்றைப் பற்றி ஒரு தனி நூலே எழுதினார். மைக்கலாஞ்சலோவின் குடும்ப வழியில் வந்தவர் அவர். 1858இல் ரஃபாயேலே கர்ருச்சி என்ற ஏசு சபைத் துறவி இன்னொரு பெரிய தொகுப்பை வெளியிட்டார். இவர்கள் கவனமான அறிஞர்கள். எழுத்துகளைப் படித்தார்கள், படங்களை வரைந்து அச்சிட்டார்கள். இவர்கள் இல்லாவிட்டால் இன்று நமக்குத் தெரிவதில் பாதி தெரியாது.

ஆனால் ஒரு கேள்விக்கு மட்டும் பெரும்பாலான துண்டுகளுக்குப் பதில் கிடையாது. எந்தச் சுரங்கம், எந்த வரிசை, எந்தக் குழி? பெயர்த்தெடுத்தவர்கள் அதைக் குறித்துவைக்கவில்லை. கண்ணாடிதான் முக்கியம், குழி முக்கியமில்லை என்று நினைத்தார்கள். கண்ணாடி தப்பித்தது. அது எந்த மனிதருக்காகப் பதிக்கப்பட்டதோ அவர் அடையாளமற்ற நூறு குழிகளில் ஒருவராகிவிட்டார். இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் கசப்பான இடம் இதுதான். அழிக்க நினைத்தவர்கள் யாரும் இதைச் செய்யவில்லை, நேசித்தவர்கள்தான் செய்தார்கள்.

ராணியாக்கப்பட்ட தாய்

இடத்தை இழந்த முகத்துக்கு யார் வேண்டுமானாலும் பெயர் வைக்கலாம். இத்தாலியின் பிரேஷியா நகரில், சாந்தா ஜூலியா அருங்காட்சியகத்தில், தெசிதேரியுஸ் சிலுவை என்று ஒன்று இருக்கிறது. 8ஆம் நூற்றாண்டில் லொம்பார்து மக்களின் அரசனாக இருந்தவர் தெசிதேரியுஸ். மரச் சட்டத்தின்மேல் உலோகம் போர்த்தி, 200க்கும் மேற்பட்ட கற்களும் கண்ணாடிகளும் பதித்த பெரிய சிலுவை. அதன் கீழ்க்கரத்தில் சுமார் 6 சென்டிமீட்டர் வட்டத்தில் ஒரு தங்கக் கண்ணாடி. ஒரு தாய், ஒரு மகன், ஒரு மகள். தாயின் காதிலும் கழுத்திலும் முத்துகள். மூவரும் நம்மை நேராகப் பார்க்கிறார்கள். தூரிகை வகையில் இதற்கு நிகரானது இல்லை என்பார்கள்.

இவர்கள் யார்? காலா பிளாசிதியாவும் அவருடைய பிள்ளைகளும் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. பிளாசிதியா பேரரசர் முதலாம் தியோதோசியுஸின் மகள். 410இல் ரோமைச் சூறையாடிய கோத்தியரால் பிடித்துச் செல்லப்பட்டு, அவர்களுடைய அரசனுக்கே மனைவியானவர். பிறகு ரோம் திரும்பி, சிறுவனாக இருந்த மகன் மூன்றாம் வலெந்தினியானுக்காகப் பேரரசையே நடத்தியவர். 450இல் இறந்தார். ஒரு மகன், ஹொனோரியா என்று ஒரு மகள். படத்திலும் தாய், மகன், மகள். கதை எவ்வளவு பொருத்தமாக உட்காருகிறது பாருங்கள்!

பொருந்தாதது காலம். பதக்கத்தின் பாணி பிளாசிதியா பிறப்பதற்கு நூறாண்டுகளுக்கும் முந்தியது. தாயின் ஆடையில் மார்பருகே ஒரு முடிச்சு இருக்கிறது. எகிப்தியத் தெய்வம் ஐசிஸை வழிபட்ட பெண்கள் போட்டுக்கொண்ட முடிச்சாக அது இருக்கலாம் என்று கருதுகிறார்கள். எகிப்தின் ஃபயூம் பகுதியில் பதப்படுத்திய உடல்களின்மேல் வைத்த மரப்பலகை ஓவியங்களை நீங்கள் பார்த்திருந்தால் இந்த மூன்று ஜோடிக் கண்களையும் உடனே அடையாளம் கண்டுகொள்வீர்கள். இவர்கள் பெரும்பாலும் எகிப்தில் வாழ்ந்த ஒரு குடும்பம். கொஞ்சம் வசதியானவர்கள், அவ்வளவுதான். அரியணைக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை.

அவர்களைச் சும்மா ஒரு குடும்பம் என்று விட்டுவைக்க ஏன் மனம் வரவில்லை? இவ்வளவு அழகான முகம் ஊர் பேர் தெரியாதவளுடையதாக இருக்க முடியாது என்று ஒரு நினைப்பு. அழகு என்றால் அரச குடும்பம். இந்தப் பழக்கம் தொழில்நுட்பத்தின் பெயரைக்கூட விடவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் தங்க ரேக்கு ஒட்டி வரையும் முறையைப் பொதுவாக வெர் எக்லோமிசே என்கிறார்கள். அது பாரிஸில் படச்சட்டம் செய்த ழான் பாப்திஸ்த் குளோமியின் பெயரிலிருந்து வந்தது. குளோமி இறந்தது 1786இல். கென்னாதியோஸின் முகத்தைச் செய்தவருக்குக் கிட்டத்தட்ட 1,500 ஆண்டுகள் பிந்தியவர். செய்தவர் பெயர் நமக்குத் தெரியாது. சட்டம் போட்டவர் பெயர் நிலைத்துவிட்டது.

ஒரு விகுதி சொன்ன சாட்சி

பிரேஷியா பதக்கத்தைப் பற்றி அறிஞர்களிடையே ஒரு சந்தேகம் வேரூன்றியிருந்தது. அது பிற்காலப் போலி, தூரிகை வகை முழுவதையுமே நம்ப முடியாது என்றார்கள்; 1926இல் பிரெஞ்சு அறிஞர் பெர்னான் தெ மெலி அந்தக் கருத்தை மறுத்தார். அபத்தமான சந்தேகம் என்று தள்ள முடியாது. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் தங்கக் கண்ணாடிப் போலிகள் செய்யப்பட்டது உண்மை. இந்தப் பதக்கங்கள் மற்றத் தங்கக் கண்ணாடிகளைப்போல இல்லை என்பதும் உண்மை. எல்லாவற்றுக்கும் மேல், எங்கே கிடைத்தது என்ற பதிவே இல்லாத பொருளை யாரும் போலி என்று சொல்லிவிடலாம். பெயர்த்தெடுத்தவர்கள் எழுதாமல் விட்ட ஒரு வரிக்கு இருநூறு ஆண்டுகள் கழித்து வந்த வட்டி இது.

அதே 1926இல்தான் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் கென்னாதியோஸை வாங்கியிருந்தது. பதக்கம் 18ஆம் நூற்றாண்டில் ரோமைச் சேர்ந்த பிரான்செஸ்கோ தெ ஃபிகோரோனி என்ற தொல்பொருள் ஆர்வலரிடம் இருந்தது. அருங்காட்சியகத்தின் ஜோசப் பிரெக் அடுத்த ஆண்டே மெலியை ஆதரித்து எழுதினார். அவர் கண்ணாடியைப் பற்றி மட்டும் பேசவில்லை. இலக்கணத்தைப் பற்றியும் பேசினார்.

பள்ளிக்கூடக் கிரேக்கத்தில் இவன் பெயர் கென்னாதியோஸ். பதக்கத்தில் அந்த நீண்ட ஈறு இல்லை, பெயர் தேய்ந்து 'இ' என்ற ஒலியில் முடிகிறது. பிரேஷியா பதக்கத்தின் இரண்டு சொற்களும் அதேபோல 'இ' என்றே முடிகின்றன: பூன்னெரி கெராமி. அது தகப்பன் பெயரா, செய்தவர் கையெழுத்தா என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். சாதாரணமாகப் பார்த்தால் எழுத்துப் பிழை. போலி செய்தவன் கிரேக்கம் ஒழுங்காகப் படிக்கவில்லை என்று சொல்லத் தோன்றும். ஆனால் எகிப்தில் மக்கள் பேசிய கிரேக்கத்தில் பெயர்கள் இப்படித்தான் தேய்ந்து ஒலித்தன. அது நமக்கு எப்படித் தெரியும்? எகிப்திய மணலில் கிடைத்த பாப்பிரஸ் கடிதங்களும் கணக்குகளும் ரசீதுகளும் சொல்கின்றன. ஆக்சிரிங்கஸ் என்ற ஊரின் குப்பைமேடுகளிலிருந்து அவற்றைக் கூடை கூடையாக அள்ளத் தொடங்கியது 1896இல். ஃபிகோரோனி இறந்தது 1747இல். அவர் காலத்து ரோம் நகரப் போலிக்காரன் ஒருவன் இந்த உச்சரிப்பைத் தெரிந்துவைத்துக்கொண்டு, அதே ஈற்றில் இரண்டு வெவ்வேறு பதக்கங்களில் தவறு செய்திருக்க வழியில்லை. அவன் செய்திருந்தால் இலக்கணப்படி சரியாகச் செய்திருப்பான்.

செம்மையாக எழுதியிருந்தால் நிரூபித்திருக்க முடியாது. பேச்சு வழக்குதான் காப்பாற்றியது.

இதைப் படித்தபோது நம் ஊர் ஞாபகம் வந்ததைத் தடுக்க முடியவில்லை. தோட்டத்து இடுகாடுகளில் நான் பார்த்த சில கற்களில் பெயர்களும் சொற்களும் வாயில் வந்தபடியே எழுதப்பட்டிருக்கும். தமிழ் தெரியாதவன் செதுக்கிவிட்டான் என்று அதைப் பார்த்துச் சிரிக்கிறவர்களும் உண்டு. 'கித்தா', 'பெரட்டு' போன்ற சொற்களைக் கொச்சை என்று நம்மில் சிலரே ஒதுக்குகிறோம். ஒன்று மலாய் மொழியிலிருந்து வந்தது, இன்னொன்று ஆங்கிலத்திலிருந்து. இந்த மண்ணில், ரப்பர் மரத்தடியில் வாழ்ந்த தமிழர்தான் இவற்றை இந்த வடிவத்தில் சொன்னார்கள். ஆயிரம் ஆண்டு கழித்து ஒருவருக்கு அப்படி ஒரு கல் கிடைத்தால், இது எந்தக் கடலுக்கு எந்தப் பக்கத்துத் தமிழ் என்று அந்த ஒரு சொல்லே சொல்லிவிடும். திருத்தி எழுதிய கல் சொல்லாது.

தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிக்கொண்டே வரும் நாட்டில் இது வெறும் உவமை கிடையாது. பழைய கற்களையும் சட்டம் போட்ட படங்களையும் தேடிப் பதிவு செய்யும் இளைஞர்கள் இப்போது நம்மிடையே இருக்கிறார்கள். சந்தோஷமான விஷயம். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். கல்லை மட்டும் படம் எடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். எந்தத் தோட்டம், எந்தப் பக்கம், எத்தனையாவது வரிசை, பக்கத்தில் யார் என்று எழுதிக்கொள்ளுங்கள். கைபேசியிலேயே அட்சரேகையும் தீர்க்கரேகையும் கிடைக்கிறது, ஒரு நிமிட வேலை. எழுத்து பிழையாகப் பட்டால் திருத்தாமல் அப்படியே எழுதுங்கள். புவோனரோத்தியும் கர்ருச்சியும் நம்மைவிடப் பெரிய அறிஞர்கள். அவர்கள் காலத்துக் கைகள் தவறவிட்டது இந்த ஒரு நிமிடத்தைத்தான்.

ரோமில் பான்ஃபிலோ என்ற நிலத்தடிக் கல்லறை இருக்கிறது. அங்கே தூரிகை வகைப் பதக்கம் ஒன்று, யாரும் நெம்பி எடுப்பதற்கு முன், குழியின் சாந்தில் பதிந்தபடியே ஆய்வாளர்களுக்குக் கிடைத்தது. இந்த வகை போலி இல்லை என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி. கென்னாதியோஸுக்குப் பெயர் இருக்கிறது, பெருமை இருக்கிறது, நியூயார்க்கில் வெளிச்சமான ஓர் இடமும் இருக்கிறது. அவன் புதைந்த இடம் இல்லை. பான்ஃபிலோவில் கிடைத்த முகத்துக்கு இடம் இருக்கிறது. விளக்கோடு வருகிறவர்கள் இப்போதும் நேராக அந்தக் குழிக்கே போய் நிற்கலாம்.